அயலான் யார்?



இப்பகுதியில் நாம் இதுகாறும் பிள்ளைகளின் கல்வி, வண்டி நேர மாற்றம், ஓய்வூதியத் தாள்களை நிரப்பும் முறை, குடும்பச் சிக்கனம் ஆகியவற்றைப் பற்றியே பெரும்பாலும் எழுதி வந்துள்ளோம். சமயம் பற்றி எழுதியதில்லை. எல்லாச் சமயத்தாரும் தம் வீட்டுத் திண்ணையில் வைத்துப் படிக்கும் ஏடு இது. அதில் ஒருவருடைய வேதத்தை மற்றவர்க்கு ஓதுவது முறையன்று என்பது நம் எண்ணம். அவ்வெண்ணம் இன்றும் மாறவில்லை.

ஆயினும் சங்க அன்பர் ஒருவர் அண்மையில் நம்மைக் கண்டு, "நீங்கள் கத்தோலிக்கர். ஞாயிறு தவறாமல் கோயிலுக்குச் செல்கிறீர்கள். மற்ற ஆறு நாள்களிலும் உங்கள் வேதம் உங்களை என்ன செய்யச் சொல்கிறது? அதை ஒருமுறை எழுதக்கூடாதா?" என்று வினவினார். அவர் சைவர், கேலியாகக் கேட்டவரல்லர். நேர்மையாகக் கேட்கப்பட்ட வினாவுக்கு நேர்மையாக விடை கூறுதல் கடமை. ஆதலால் இத்திங்கள் அவ்விடையையே எழுத முற்படுகின்றோம்.

இவ்வினாவுக்கு நெருங்கிய வினா ஒன்றை ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்னர்ச் சட்டம் கற்ற ஒருவர் இயேசுநாதரிடம் கேட்டார். அயலானை நேசிக்க வேண்டுமென்று சட்டம் சொல்கிறதே, அந்த அயலான் யார் என்பது அவர் கேள்வி. லூக்காஸ் நற்செய்தியின் பத்தாம் அதிகாரத்தில் இது வருகிறது. இயேசுநாதர் ஓர் உவமை கூறினார். ஜெருசலேமிலிருந்து ஜெரிக்கோவுக்குச் சென்ற ஒருவனைக் கள்வர் அடித்து வழியில் எறிந்துவிட்டுப் போயினர். குரு ஒருவர் வந்தார். கண்டு விலகிச் சென்றார். கோயில் ஊழியர் ஒருவர் வந்தார். அவரும் விலகிச் சென்றார். மூன்றாவதாக வந்தவன் சமாரியன். யூதர் அவன் இனத்தாரோடு கொள்வினை கொடுப்பினை வைத்துக்கொள்வதில்லை. அவனோ நின்றான், இறங்கினான், காயத்தைக் கட்டினான்.

கணக்கு எழுதிப் பழகிய கைக்கு இவ்வுவமையில் ஒன்று உடனே தென்படும். அச்சமாரியன் செய்தவை அனைத்தும் செலவுகள். எண்ணெய் ஒரு செலவு. திராட்சை இரசம் ஒரு செலவு. தன் வாகனத்தில் அவனை ஏற்றிவிட்டுத் தான் நடந்தது ஒரு செலவு. சத்திரத்தில் தங்கியதால் கழிந்த இரவு ஒரு செலவு. மறுநாள் சத்திரக்காரனிடம் கொடுத்த வெள்ளிக்காசு இரண்டு. மேற்கொண்டு ஆகும் செலவைத் திரும்பி வரும்போது தருவதாக ஒப்புக்கொண்டது வருங்காலச் செலவு. இரக்கம் என்பது நெஞ்சில் தோன்றும் ஈரம் மட்டுமன்று. பற்றுப் பக்கத்தில் எழுதத்தக்க ஒன்று அதில் இருத்தல் வேண்டும். அப்படி ஒன்றுமில்லையேல் அதனை இரக்கம் என்று நாம் கூறமாட்டோம். வருத்தம் என்றே கூறுவோம்.

இன்னொன்றும் நோக்கத்தக்கது. கேட்டவர் "யார் எனக்கு அயலான்?" என்றார். இயேசுநாதரோ வினாவைத் திருப்பி, அடிபட்டவனுக்கு அயலானாக நடந்தவன் இம்மூவரில் யார் என்று கேட்டார். அயலானைப் பட்டியலிட்டுத் தேடுவது நம் வேலையன்று. நாமே ஒருவனுக்கு அயலானாக ஆவதுதான் வேலை. அன்றியும், அவ்வுவமையில் நன்மை செய்தவன் கேட்டவருடைய சமயத்தானும் அல்லன். எனவே கத்தோலிக்கராகிய நாம் பிறர்க்கு அன்பு செய்தால் மட்டும் போதாது. பிறரிடமிருந்து அன்பைக் கற்கவும் வேண்டும் என்பது அதில் அடங்கிய இரண்டாம் பாடமாகும். முதற் பாடத்தைப் பலர் கூறுவர். இரண்டாவதைச் சிலரே கூறுவர்.

அதற்குச் சான்று தேடித் தொலைவு செல்ல வேண்டியதில்லை. பங்காருபேட்டைச் சந்திப்பில் நாமே கண்டதொன்றைக் கூறுகின்றோம். வடக்கிலிருந்து வந்த நெடுந்தூர வண்டியில் இறங்கிய இளைஞன் ஒருவன், வயது பதினெட்டுக்கு மேல் இராது, சீட்டுச் சாளரத்தின் முன் வந்து நின்றான். கையில் ஒரு துண்டுத்தாள். அதில் ஒரு தொலைபேசி எண். அவனுடைய கைப்பேசியில் மின்சாரம் தீர்ந்திருந்தது. தமிழும் கன்னடமும் தெலுங்கும் அவனுக்குத் தெரியா. அவன் கூறியது இந்தியா வேறொன்றா என்பதும் வரிசையில் நின்றவர்க்கு விளங்கவில்லை. பின்னால் நின்றோர் நேரமாகிறதென்று முணுமுணுத்தனர். சிலர் உரக்கவே வைதனர்.

வரிசையில் நின்ற பூக்கார மூதாட்டி ஒருவர், நெற்றி நிறையத் திருநீறு, முன்னே வந்தார். "ஐயா, நீங்க மத்தவங்களுக்குச் சீட்டுக் கொடுங்க. இந்தத் தம்பியை நான் பாத்துக்கிறேன்" என்றார். அவன் கையைப் பிடித்து நடைமேடைக்கு அழைத்துச் சென்றார். மின்னேற்றும் இடத்தில் ஒருவரைக் கெஞ்சி அவன் கைப்பேசியைச் செருகச் செய்தார். தேநீர் ஒன்று வாங்கிக் கொடுத்தார். அவனை வேலைக்கு அழைத்த மேஸ்திரி மறுமுனையில் பேசும் வரையில் பக்கத்திலேயே அமர்ந்திருந்தார். அதற்குள் மாரிக்குப்பம் வண்டி போய்விட்டது. கூடையிலிருந்த பூவோ வெயிலில் வாடத் தொடங்கிவிட்டது.

"ஏனம்மா, உங்கள் வியாபாரம் கெட்டதே?" என்று வினவினோம். "எங்க மாமனாரும் இப்படித்தான் பாஷை தெரியாம வந்து நின்னாராம். யாரோ ஒரு புண்ணியவான் கூட்டிப் போய் விட்டாராம். அந்த ஆள் பேருகூட எங்களுக்குத் தெரியாது" என்றார் அவர். என்னே அவ்வம்மையாரின் உள்ளம்! பெயரறியா ஒருவர்க்குப் பட்ட கடனைப் பெயரறியா மற்றொருவனிடம் அவர் அடைத்துவிட்டார். அவர் நற்செய்தி நூலைத் திறந்ததே இல்லை என்பதில் நமக்கு ஐயமில்லை. அதன் பத்தாம் அதிகாரமோ அன்று நம் கண்முன் நடைமேடையில் நடந்தது.

நேயர்களே, அம்மூதாட்டியின் மாமனாருடைய கதை நம்மில் பெரும்பாலோர் குடும்பக் கதையுமாகும். 1880ஆம் ஆண்டில் ஜான் டெய்லர் கம்பெனியார் இங்கே பொறுப்பேற்றபின் சுரங்கங்கள் பெருகின. வட ஆர்க்காடு, சேலம், சித்தூர்ப் பக்கங்களிலிருந்து நம் முன்னோர் பஞ்சத்துக்கும் பண்ணையடிமைக்கும் தப்பி மூட்டை முடிச்சுகளோடு வந்தனர். அவர்களுள் மிகப் பலர் சொந்த ஊரில் தீண்டத்தகாதவர் என்று ஒதுக்கப்பட்டோர். 1902இல் சிவசமுத்திரத்திலிருந்து சுரங்கங்களுக்கு மின்சாரம் வந்தது. மின்விளக்கு எரிந்த வெள்ளையர் பங்களா ஒருபுறமும், மூங்கில் தட்டியால் அடைத்த தொழிலாளர் குடில் மறுபுறமுமாக இவ்வூர் வளர்ந்தது. மேலே ஏற்றத்தாழ்வு இருந்தது உண்மை. ஆனால் மூன்று கிலோமீட்டருக்கும் மேற்பட்ட ஆழத்தில், பாறை வெடித்துச் சரியும்போது, பக்கத்தில் கிடப்பவன் எந்தச் சாதி என்று கேட்டு எவரும் கை நீட்டவில்லை. அக்கை நீட்டலை ஆழத்தில் அறிந்தவர்களின் பேரப்பிள்ளைகள் நாம். 2001ஆம் ஆண்டு பிப்ரவரி 28ஆம் நாள் சுரங்கங்கள் மூடப்பட்டன; அந்தப் பாடமும் அன்றே மூடப்பட்டுவிட்டதா என்பதே நம் கேள்வி.

இனி, எம் சமயத்தார் போற்றும் ஒருவரைப் பற்றிச் சிறிது கூறுவோம். அவர் குருவல்லர், துறவியுமல்லர், நம்மைப் போல் அலுவலகம் சென்று உழைத்த குடும்பத்தலைவர். 1712ஆம் ஆண்டில், இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்து நட்டாலத்தில் பிறந்த நீலகண்டர், மார்த்தாண்டவர்ம மன்னர் காலத்தில் திருவிதாங்கூர் அரண்மனையில் அலுவல் பார்த்தார். 1741இல் நடந்த குளச்சல் போரில் தோற்றுப் பிடிபட்ட டச்சுத் தளபதி டிலனாயின் நட்பு அவருக்குக் கிட்டியது. துன்புற்று மனமுடைந்திருந்த நீலகண்டருக்கு, எல்லாம் இழந்தும் இறைவனை இழக்காத யோபுவின் கதையை டிலனாய் எடுத்துரைத்தார் என்பர். 1745ஆம் ஆண்டு மே மாதத்தில் நெல்லைச் சீமையின் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் பெற்றுத் தேவசகாயம் ஆனார்.

அதன் பின்னர் அவர் செய்தது, அக்காலத்து உயர்குலத்தார் கண்ணில் பெருங்குற்றம். தாழ்த்தப்பட்ட மக்களோடு சமமாகப் பழகினார். அவர்களோடு அமர்ந்து உண்டார். 1749இல் சிறைப்பட்டார். எருமைமேல் ஏற்றி ஊர் ஊராக இழிவுபடுத்தினர் என்று மரபு கூறுகிறது. 1752ஆம் ஆண்டு சனவரி 14ஆம் நாள் ஆரல்வாய்மொழியை அடுத்த காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். அவர் உடல் நாகர்கோவில் கோட்டாற்றுச் சவேரியார் பேராலயத்தில் அடக்கம் செய்யப்பட்டுள்ளது. 2022ஆம் ஆண்டு மே 15ஆம் நாள் உரோமையில் பாப்பரசர் பிரான்சிஸ் அவரைப் புனிதர் வரிசையில் சேர்த்தார். இந்நாட்டுப் பொதுநிலையினருள் அப்பேறு பெற்ற முதல்வர் அவரே. அதற்கு முன்னர், அவர் பெயரோடு ஒட்டியிருந்த சாதிப் பட்டத்தை நீக்க வேண்டுமென்று பலர் வேண்ட, உரோமையும் அதனை நீக்கியே அவர் பெயரை அறிவித்தது. சாதியைக் கடந்து உண்டவரின் பெயரில் சாதி ஒட்டிக்கொண்டிருப்பது தகாதன்றோ?

இவ்வரலாற்றில் ஒரு கசப்பும் உண்டு. அதனை மறைப்பது நேர்மையாகாது. தேவசகாயம் ஞானஸ்நானம் பெற்ற அதே வடக்கன்குளத்தில், பத்தொன்பதாம் நூற்றாண்டில் எழுந்த கோயிலில், மேற்குலத்தார் ஒருபுறமும் மற்றையோர் மறுபுறமும் இருந்து பூசை காண்பதற்காக நடுவே சுவர் வைத்துக் கட்டினர். பீடம் ஒன்று, மக்கள் இரண்டு! 1910ஆம் ஆண்டில் அச்சுவர் இடிக்கப்பட்டது. தமக்குரிய தனியிடம் போயிற்றென்று சிலர் வழக்குத் தொடுத்தனர். சென்னை உயர் நீதிமன்றம் அவ்வுரிமையை ஏற்க மறுத்தது. சுவர் போயிற்று. ஆனால் செங்கற் சுவரை இடிக்க ஒரு நாள் போதும். நெஞ்சிலுள்ள சுவருக்கு எத்தனை தலைமுறை வேண்டும் என்பதைத் தமிழ்நாட்டுக் கல்லறைத் தோட்டங்கள் சிலவற்றில் இன்றும் காணலாம். ஞானஸ்நானத் தண்ணீர் தானே எல்லாவற்றையும் கழுவிவிடும் என்று எவரும் வாளாவிருத்தல் கூடாது.

இவ்விடத்தில் அந்த அன்பர் மனத்தில் மற்றுமோர் ஐயம் எழக்கூடும். "இவ்வன்பெல்லாம் எங்களை உங்கள் கோயிலுக்கு இழுப்பதற்கான வழியோ?" அவர் கேட்கவில்லை, ஆயினும் கேட்டதாகவே கொண்டு விடையிறுப்போம். அன்பு தூண்டிற் புழுவன்று. சத்திரத்தில் விட்டுச் சென்ற சமாரியன், காயம் ஆறியதும் நீ சமாரியனாகிவிட வேண்டுமென்று நிபந்தனை விதிக்கவில்லை. பதிலுக்கு ஒன்றை எதிர்பார்த்துச் செய்யும் உதவி வாணிகம். வாணிகத்தைக் குறைகூற நாம் வரவில்லை. அதற்கு வேதத்தின் பெயரை வைக்கக்கூடாது என்பதே நம் கருத்து. 1965ஆம் ஆண்டு அக்டோபர் 28ஆம் நாள், இரண்டாம் வத்திக்கான் சங்கம் பிற சமயங்களைப் பற்றி ஓர் அறிக்கை வெளியிட்டது. பிற சமயங்களில் உண்மையாகவும் புனிதமாகவும் உள்ள எதையும் திருச்சபை தள்ளுவதில்லை என்பது அதன் சாரம். 2020ஆம் ஆண்டு அக்டோபர் 3ஆம் நாள் அசிசி நகரில் பாப்பரசர் பிரான்சிஸ் கையெழுத்திட்ட மடல், மனிதர் அனைவரும் உடன்பிறப்புகள் என்பதைப் பொருளாகக் கொண்டது. அதன் ஓர் அதிகாரம் முழுவதும் இச்சமாரியன் உவமைக்கே ஒதுக்கப்பட்டுள்ளது.

சரி, நாள்தோறும் செய்யத்தக்கது யாது? பெரிய காரியங்களைப் பற்றிப் பேசுவது எளிது. நம் ஊருக்கும் நம் நிலைக்கும் ஏற்றவை சிலவற்றைக் கூறுகின்றோம். எச்சமயத்தாரும் இவற்றைத் தமக்கென எடுத்துக்கொள்ளலாம்.

முதலாவது, பெயர் கேட்டல். விடியுமுன் நம் ஊரிலிருந்து பெங்களூருக்குப் புறப்படும் வண்டிகளில் நாள்தோறும் ஆயிரக்கணக்கானோர் செல்கின்றோம். ஒரே பெட்டியில், ஒரே பலகையில், பல ஆண்டுகள் எதிரெதிரே அமர்ந்தும் பெயர் அறியாதவர் எத்தனை பேர்! 2020ஆம் ஆண்டு மார்ச்சில் தொற்றுநோயினால் வண்டிகள் நின்றபோது, எதிர்ப்பலகைக்காரர் உயிரோடிருக்கிறாரா என்று விசாரிக்கவும் நம்மில் பலருக்கு வழியில்லாமற் போயிற்று. பெயர் தெரிந்தாலன்றோ விசாரிக்க முடியும்?

இரண்டாவது, பெற்றுக்கொள்ளல். கிறிஸ்துமஸ் நாளில் நாம் அடுத்த வீட்டாருக்குப் பலகாரத் தட்டு அனுப்புகின்றோம், நன்று. ஆனால் அவர் வீட்டுப் பொங்கலையும் பக்ரீத் விருந்தையும் நாம் அவர் வீட்டில் அமர்ந்து உண்கின்றோமா? வேளாங்கண்ணி மாதாவின் திருவிழாவுக்கு எல்லாச் சமயத்தாரும் கால்நடையாகவும் வருகின்றனர். அவர்கள் நம் வாசலுக்கு வந்ததைப் பெருமையாகப் பேசும் நாம், அவர்களில் எத்தனை பேர் வாசலை மிதித்திருக்கின்றோம்? கொடுக்கும் கை மேலே இருக்கும். வாங்கும் கை கீழே இருக்கும். அந்தத் தாழ்வைச் சிறிது பழகுவது நமக்கு நல்லது. தேவசகாயமும் ஏழைகளுக்கு உணவு அனுப்பியதோடு நின்றிருந்தால் அவரை எவரும் கொன்றிருக்கமாட்டார். அவர்களோடு அமர்ந்து உண்டதே உயர்குலத்தார்க்குப் பொறுக்கவில்லை.

மூன்றாவது, நோயாளியிடம் நேரம் செலவிடல். சுரங்கத்தில் பாறையைத் துளையிடும்போது எழும் நுண்ணிய கல்தூள் நுரையீரலில் படிந்து அதனை வடுவாக்கிவிடுகிறது. சிலிக்கோசிஸ் எனப்படும் இந்நோய்க்குத் தீர்வில்லை. மூச்சு நாளுக்கு நாள் சுருங்கும். சுரங்கம் மூடியும் இந்நோய் மூடவில்லை. நம் லயன் வீடுகளில் இருமிக்கொண்டு கிடக்கும் முதியவர்களுக்குப் பணம் கொடுக்க நம்மால் இயலாதிருக்கலாம். அவர் சொல்ல விரும்பும் சுரங்கக் கதையைப் பத்தாம் முறையாகக் கேட்க இயலும். விண்ணப்பத் தாளை நிரப்பி, கையொப்பம் வாங்கி, உரிய இடத்தில் சேர்ப்பிக்கவும் இயலும். எழுத்தறிந்தவன் எழுத்தறியாதவனுக்குச் செய்யும் இத்தொண்டு ஒரு நேரப் பூசைக்குக் குறைந்ததன்று என்றே நாம் எண்ணுகின்றோம்.

நான்காவது, மொழி. இது சிலர்க்குக் கசக்கலாம். பெங்களூர் உயர்மறைமாவட்டத்தில் எம்மொழியில் வழிபாடு என்பது பற்றிப் பல்லாண்டுகளாகப் பூசல் இருந்து வந்தது நேயர் அறிந்ததே. தமிழ் நம் உயிர். அதனைப் பிள்ளைகளுக்குக் கற்பிப்பதற்காகவே இச்சங்கம் நிற்கின்றது. அதனால் கன்னடத்தை வெறுக்க வேண்டுமா? நமக்குச் சோறிட்ட மண்ணின் மொழியில் அடுத்த வீட்டாரிடம் நலம் விசாரிப்பதால் தமிழ் குன்றிவிடாது. அவ்வாறே, இன்று கட்டட வேலைக்கும் உணவுக்கடை வேலைக்கும் வடக்கிலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் வரும் பிள்ளைகளை முகத்துக்கு நேரே ஏளனப் பெயரிட்டு அழைத்தல் தகாது. நம் பாட்டனாரையும் அன்று எவரோ அவ்வாறு அழைத்திருப்பர். அது அவருக்கு வலித்திருக்கும்.

ஐந்தாவது, விதிக்குட்பட்ட இரக்கம். அலுவலகத்தில் இருப்போர் இதனைச் சிறப்பாகக் கருதுக. இலவசச் சீட்டுக் கொடுக்க எழுத்தருக்கு உரிமையில்லை. கொடுத்தால் அது இரக்கமன்று, அரசின் பணத்தைக் கொண்டு நல்ல பெயர் வாங்குவதேயாகும். ஆனால் எந்த விதியும் கடுஞ்சொல் கூற வேண்டுமென்று கட்டளையிடவில்லை. மும்முறை கேட்பவருக்கு மும்முறை விடை சொல்லக்கூடாதென்று எந்தச் சுற்றறிக்கையிலும் இல்லை. சாளரத்தின் இப்பக்கத்தில் நாற்காலி இருக்கிறது, அப்பக்கத்தில் இல்லை. இதை ஒருநாளைக்கு ஒருமுறை நினைத்துக்கொண்டால் நாக்கு தானே மென்மையாகும்.

இவற்றால் உலகம் மாறிவிடுமா என்று கேட்கலாம். மூடிய சுரங்கம் திறவாது. வேலையில்லாத் திண்டாட்டம் நீங்காது. உரிமைக்குக் குரல் கொடுக்க வேண்டிய இடத்தில் பலகாரத் தட்டை நீட்டி அமைதி சொல்வதும் அன்பாகாது. கூலியும் நிவாரணமும் கேட்டுப் பெற வேண்டியவை. அவற்றைக் கருணையாகப் பெறச் சொல்வது அவமதிப்பு. எனினும் உரிமைக்காக ஒன்றுகூடும் மக்கள் ஒருவரையொருவர் முன்பே அறிந்தவராய் இருந்தால், அக்கூட்டம் எளிதில் கலையாது. பெயர் அறிதலும், உடன் உண்ணலும், நோயில் பக்கத்தில் இருத்தலும் அத்தகைய அறிமுகத்தைத் தருவன.

வினாவெழுப்பிய அன்பருக்கு நம் விடை இதுவே. ஆறு நாள்களிலும் எங்கள் வேதம் எங்களைச் செய்யச் சொல்வது புதிதான ஒன்றன்று. உங்கள் வீட்டுப் பெரியோர் உங்களுக்குச் சொல்லித் தந்ததும் பெரும்பாலும் அதுவே. ஞாயிறன்று கோயிலில் முழந்தாளிட்டு எழுந்தவன், திங்களன்று சாளரத்தின் முன் நிற்பவரிடம் எப்படிப் பேசுகிறான் என்று நீங்கள் உற்றுநோக்குங்கள். குறை கண்டால் எங்களிடமே கூறுங்கள். அதுவும் நீங்கள் எமக்குச் செய்யும் உதவியாகும்.

அடுத்த திங்கள், பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதும் பிள்ளைகளுக்கான மாலைநேர வகுப்புகள் பற்றி எழுத எண்ணியுள்ளோம். இரண்டு மணி நேரம் ஒதுக்கிக் கணக்கோ ஆங்கிலமோ கன்னடமோ சொல்லித்தர முன்வரும் அன்பர்கள், சமயமும் மொழியும் பாராது, சங்கச் செயலரிடம் தம் பெயரைக் கொடுக்குமாறு கேட்டுக்கொள்கின்றோம்.